காஞ்சிபுரத்துக்காரிக்கு ஒரு கடிதம்

ஓசூர்
ஜனவரி 8

அன்புள்ள கலா,

நாங்கள் ஊரில் இல்லாததால் உன் கடிதத்தைத் தாமதமாகத்தான் படித்தேன். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் வேளை தவறாமல் விடு. ‘போதும்மா, நல்லாத்தான் தெரியுது’ என்பார், காதில் போட்டுக்கொள்ளாதே. உன் டிரான்ஸ்ஃபர் நின்றுபோனதில் எனக்குக் கொஞ்சம் சுயநலமான சந்தோஷமும் உண்டு. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

அரையாண்டு லீவுக்கு வடகர்நாடகம் போய்வந்தோம். ஹம்பி, பாதாமி, பட்டதக்கல், ஐஹொளே, பீஜப்பூர். காலேஜ் டூரில் ஹம்பி என்று பெயர் கொடுத்துவிட்டுக் கடைசி நிமிஷத்தில் ரத்தானதே, அந்த ஏக்கம் இத்தனை வருஷம் கழித்துத் தீர்ந்தது. இவர்தான் டிரைவர். முன்சீட்டில் அத்தை. பின்னால் இரண்டு வானரங்களுக்கு நடுவில் நான். துமகூரு தாண்டுவதற்குள் ஜன்னல் சீட்டுச் சண்டை ஆரம்பித்துவிட்டது. ஹொசபேட்டைக்கு ராத்திரி போய்ச் சேர்ந்தால், பணம் கட்டி புக் செய்திருந்த அறையை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டு நிற்கிறார்கள். இவர் கன்னடத்தில் குரலை உயர்த்தின பிறகுதான் சாவி வந்தது. கிறிஸ்துமஸ் சமயத்தில் அந்தப் பக்கம் போகிறவர்கள் கிளம்பும் நாளன்றே போன் போட்டு உறுதி செய்துகொள்வது நல்லது.

ஹம்பியைப் பற்றி நீ நிறையப் படித்திருப்பாய், நான் ஒன்றே ஒன்றைச் சொல்கிறேன். விருபாட்சர் கோயிலின் பின்பக்கம் ஓர் இருட்டறை இருக்கிறது. சுவரில் உள்ள சின்னத் துளை வழியாக வெளிச்சம் வந்து, எதிர்ச்சுவரில் ராஜகோபுரத்தைத் தலைகீழாகக் காட்டுகிறது. பெரியவளுக்கு ஊசித்துளை கேமரா பாடத்தில் இருக்கிறது, அட்டைப் பெட்டியில் செய்தும் பார்த்திருக்கிறாள். உள்ளே நுழைந்தவள் சத்தம் போடாமல் கையை நீட்டினாள். கோபுரத்தின் நுனி அவள் உள்ளங்கையில் வந்து விழுந்தது. அடுத்த கூட்டம் வந்து நெருக்கும்வரை நகரவே இல்லை. விட்டலர் கோயிலில் சின்னவன் ஐம்பது ரூபாய் நோட்டைக் கல் ரதத்துக்கு நேராகப் பிடித்து, சரியாக அச்சடித்திருக்கிறார்களா என்று ‘செக்’ பண்ணினான். இதைப் போகிற பிள்ளைகள் எல்லாம் செய்கிறார்கள். அதனாலென்ன, அரை மணி நேரம் அவன் தொந்தரவு இல்லை.

அங்கேதான் அவனுடைய கேள்வி தொடங்கியது. “இவ்வளவையும் யாரும்மா உடைச்சாங்க?” ஹம்பி விஜயநகரப் பேரரசின் தலைநகரமாக இருந்ததையும், 1565-இல் தலைக்கோட்டைப் போரில் தக்காண சுல்தான்களிடம் விஜயநகரத்து ராமராயர் தலை போனதையும், அதற்கப்புறம் மாதக்கணக்கில் ஊரைச் சூறையாடியதையும் இவர் சொன்னார். உடனே கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி எழுத ஆரம்பித்துவிட்டான், யார் யாரை ஜெயித்தார்கள் என்று. பயணம் முழுக்க அந்த நோட்டுதான். பீஜப்பூரில் சுல்தானின் சமாதியான கோல்கும்பஸ் பார்த்தபோதும் முதல் கேள்வி, “இவங்கதானே ஹம்பியை ஜெயிச்சவங்க? இவங்களை யார் ஜெயிச்சா?” 1686-இல் ஔரங்கசீப் என்றதும் திருப்தியாக எழுதிக்கொண்டான். கோல்கும்பஸ் 1656-இல் கட்டி முடித்தது. கட்டி முப்பது வருஷத்தில் ராஜ்ஜியமே போய்விட்டது பார். உள்ளே ஒரு தூண் கிடையாது, 44 மீட்டர் அகலக் குவிமாடம் அந்தரத்தில் நிற்கிறது. மேலே ஏறிச் சுவரோரம் கிசுகிசுத்தால் எதிர்ப்பக்கம் கேட்கும் என்பார்கள். பிள்ளைகள் கூட்டத்தில் யார் கிசுகிசுக்கிறார்கள்? எல்லாரும் கத்துகிறார்கள், ஒவ்வொரு கத்தலும் பல தடவை திரும்பி வருகிறது. இவர் காதைப் பொத்திக்கொண்டு இறங்கிவிட்டார்.

வழியில் இல்கல்லில் அத்தை சேலைக்கடையைப் பார்த்துவிட்டார். உடல் பகுதி பருத்தி, முந்தானை சிவப்புப் பட்டு. இரண்டின் பாவு நூலையும் கொக்கி மாதிரி கோத்துப் பிணைக்கிறார்கள். உங்கள் ஊர் நெசவாளர்கள் முந்தானையைத் தனியாகப் பிணைப்பதைக் காட்டினாயே, அந்த வேலைக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று வைத்துக்கொள். பாதாமிக்குப் பக்கத்தில் பனசங்கரி கோயில் வாசலில் அதே சேலை கட்டிய பெண்கள் கூடையில் சோள ரொட்டியும் தயிரும் விற்கிறார்கள். கூடவே கடலைப்பொடி, எண்ணெய்க் கத்தரிக்காய். பிட்சா கேட்டு அழுதவன் மூன்றாவது ரொட்டிக்குக் கை நீட்டினான்.

பாதாமிதான் வாதாபி, சாளுக்கியர்களின் தலைநகரம். முதல் குகையில் பதினெட்டுக் கை நடராஜர். பெரியவள் பரதம் கற்றுக்கொள்கிறாள் இல்லையா, ஒவ்வொரு கையாக நின்று செய்து பார்த்தாள். அந்தச் சமயத்தில் ஒரு குரங்கு அத்தையின் பிஸ்கட் பாக்கெட்டைப் பிடுங்கிக்கொண்டு போனது. அத்தை சாபம் கொடுத்தார். மூன்றாவது குகையில் 578-ஆம் வருஷக் கல்வெட்டு இருக்கிறது. கொஞ்சம் யோசி, அப்போது நம் பல்லவ மகேந்திரவர்மன் பட்டத்துக்குக்கூட வரவில்லை.

642-இல் பல்லவ நரசிம்மவர்மன் இந்த ஊரைப் பிடித்தான் என்றதும் சின்னவன் துள்ளினான். “நாமதானே ஜெயிச்சோம்?” அக்கா விடவில்லை. “நாம ஓசூர்டா. பல்லவனும் இல்லை, சாளுக்கியனும் இல்லை.”

மறுநாள் ஐஹொளேயில் அவனுக்குப் பேரிடி. மேகுடிக் குன்றின் சமணக் கோயிலில் புலவர் ரவிகீர்த்தி 634-இல் பொறித்த கல்வெட்டு. சாளுக்கிய ராஜா புலிகேசியின் படை கிளப்பிய புழுதியில் பல்லவன் பொலிவிழந்து காஞ்சி மதிலுக்குள் ஒளிந்துகொண்டான் என்று பெருமையடிக்கிறது. உன் ஊர் மதில்தான்! எட்டு வருஷத்தில் கதை திரும்பியது வேறு விஷயம். ஐஹொளேயில் நூற்றுக்கும் மேல் கோயில்கள். நீ பிள்ளைகளோடு போனால் மேகுடியையும் துர்கா கோயிலையும் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடு. அதற்கு மேல் “இன்னும் ஒரு கோயில்னா நான் காரிலேயே இருக்கேன்” என்பார்கள். எங்கள் வீட்டில் அதைச் சொன்னது பெரியவர்தான்.

இப்போது பட்டதக்கல். மலப்பிரபா ஆற்றங்கரையில் வடக்குப் பாணிக் கோபுரமும் தெற்குப் பாணி விமானமும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. பெரிதான விருபாட்சர் கோயிலைக் கட்டியவள் சாளுக்கிய ராணி லோகமகாதேவி, 740 வாக்கில். அவள் புருஷன் இரண்டாம் விக்கிரமாதித்தன் மூன்று தடவை காஞ்சியைப் பிடித்த வெற்றிக்காக. மதில், நந்தி மண்டபம், விமானம் என்று பார்த்துக்கொண்டே வந்த பெரியவள் சட்டென்று, “அம்மா, இது கலா சித்தி கூட்டிட்டுப் போன கோயில் மாதிரியே இருக்கே” என்றாள். பல்லவர் கட்டிய உங்கள் காஞ்சி கைலாசநாதரைத்தான் சொல்கிறாள். எனக்குப் புல்லரித்துவிட்டது. புத்தகங்களும் அதைத்தானே சொல்கின்றன.

சின்னவனுக்குத்தான் குழப்பம். “ஜெயிச்சவன் எதுக்கு தோத்தவனோட கோயிலைக் காப்பியடிக்கணும்?” இவரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். காஞ்சிக்குள் நுழைந்தவன் கோயிலை இடிக்கவில்லை, அதன் பொன்னையும் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்தான் என்று சொன்னேன். அவனுக்கு அது பதிலாகப் படவில்லை. சரி, இதைக் கட்டியது யார் என்று கேட்டான். அதற்கு அங்கேயே கல்வெட்டு இருக்கிறது, குண்டன் அனிவாரிதாசாரி என்ற ஸ்தபதி, பட்டப்பெயர்களோடு. நோட்டில் ராஜாக்களுக்குக் கீழே அந்தப் பெயரை எழுதி, எந்தப் பக்கம் சேர்ப்பது என்று தெரியாமல் நடுவில் விட்டிருக்கிறான்.

உன் டிரான்ஸ்ஃபர் விஷயத்துக்கு வருகிறேன். விக்கிரமாதித்தன் பொன்னைத் திருப்பிக் கொடுத்ததைச் சொல்லும் கன்னடக் கல்வெட்டு உங்கள் கைலாசநாதர் கோயில் தூண் ஒன்றில்தான் இருக்கிறது. நாம் எத்தனை தடவை அந்த மண்டபத்தில் உட்கார்ந்து முறுக்கு தின்றிருப்போம்! எந்தத் தூண் என்று அங்கே இருக்கிறவர்களைக் கேட்டு வை. மே லீவில் நோட்டோடு வருகிறான், நீதான் காட்ட வேண்டும். ஒரு கன்னட ராஜா அங்கே என்ன எழுதிவைத்தான் என்பதை அவன் அப்பாவே படித்துச் சொல்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். எட்டாம் நூற்றாண்டு எழுத்தை எப்படிப் படிப்பார் என்று நான் கேட்கவில்லை.

அத்தை உனக்கும் ஒரு இல்கல் சேலை எடுத்து வைத்திருக்கிறார், மயில்கழுத்து நிறம். பிடிக்கவில்லை என்றால் என்னிடம் மட்டும் சொல், நான் வைத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
மீனா