ஞாயிறு நடையும் பட்டாம்பூச்சிப் பதிவேடும்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், இன்று வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வர இயலாத உறுப்பினர்களுக்கு இந்த அறிக்கையின் படி அனுப்பப்படும். அவர்களும் இதை முழுவதும் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வழக்கமான நிகழ்ச்சிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். 2015 முதல் தமிழ்நாடு முழுவதும் நடந்துவரும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் இந்த ஜனவரியிலும் கலந்துகொண்டோம். பள்ளி மாணவர்களுக்கான நடை நல்லபடியாக நடந்தது. தும்பிகளைப் பற்றி ஒரு மாலைக் கூட்டம் நடத்தினோம். செப்டம்பரில் கொண்டாடப்படும் பட்டாம்பூச்சி மாதத்துக்கு நம் பதிவுகளை அனுப்பினோம். செயற்குழு கூடியது; போதிய வருகை இல்லாமல் ஒத்திவைத்ததும் உண்டு.

இனி தடத்தைப் பற்றி. மதகிலிருந்து ஏரிக்கரை வழியாகப் பனைவரிசையைத் தாண்டி, ஏரி நிரம்பினால் நீர் வழியும் கலிங்கல் வரை போகும் பாதையைப் பட்டாம்பூச்சி எண்ணும் நிலையான தடமாக வைத்துக்கொள்வோம் என்று போன பொதுக்குழுவில் முன்மொழிந்தது நான்தான். ஒரே பாதை, ஒரே நேரம், ஒரே வேகம். இங்கிலாந்தில் எர்னஸ்ட் பொல்லார்ட் என்ற ஆய்வாளர் உருவாக்கி, 1976 முதல் அங்கே நாடு தழுவிய அளவில் நடந்துவரும் முறை இது. நடப்பவருக்கு இருபுறமும் இரண்டரை மீட்டர், முன்னால் ஐந்து மீட்டர். அந்தக் கட்டத்துக்குள் வரும் பட்டாம்பூச்சியை மட்டும்தான் எண்ண வேண்டும். பின்னால் பறப்பதை எண்ணக் கூடாது, வயலுக்குள் ஓடிப் போய்த் தேடக் கூடாது. கேட்பதற்கு எளிதாக இருந்தாலும் இதைக் கடைப்பிடிக்கப் பொறுமை வேண்டும்.

"வாராவாரம் அதே கரை, அதே எருக்கு, அதே வெந்தய வரியன் பட்டாம்பூச்சி, எதற்கு சார்?" என்று பலர் கேட்டார்கள். மலையடிவாரத்துக்கு வேன் வைத்துப் போனால் புதுப் புது வகைகள் பார்க்கலாமே என்பது அவர்கள் யோசனை. போகலாம், நானும் வருவேன். ஆனால் ஒரு நாள் மலைக்குப் போய் எடுத்த பட்டியல், அன்று அங்கே என்ன இருந்தது என்பதோடு நின்றுவிடும். அதே கரையை வருடம் முழுக்க எழுதினால்தான் எது கூடுகிறது, எது குறைகிறது, எது எந்த மழைக்குப் பிறகு வருகிறது என்பது தெரியும். ஒன்றுமே பறக்காத மே மாத ஞாயிறுக்கும் பதிவேட்டில் ஒரு பக்கம் வேண்டும். "எதுவும் இல்லை" என்று எழுதியிருந்தால் பூச்சி வரவில்லை என்று பொருள். எழுதாமல் விட்ட பக்கத்துக்கு நாம் போகவில்லை என்று மட்டும்தான் பொருள். இரண்டும் ஒன்றாகாது.

இதைச் சொல்லக் காரணம் வருகைப் பதிவேடு. அக்டோபர், நவம்பரில் வரியன், கறுப்பன் வகைப் பட்டாம்பூச்சிகள் கூட்டங்கூட்டமாக வலசை பறக்கும்போது கரையில் நிற்க இடமில்லாத அளவுக்கு உறுப்பினர்கள் வந்தார்கள். மகிழ்ச்சி. கோடையில் மதகடியில் நின்று காத்திருந்து, கையெழுத்துப் போட ஆளில்லாமல் நானும் பொருளாளரும் மட்டும் நடந்தோம். அவரும் வர முடியாதபோது தனியாக நடந்தேன். வலசைக்கும் இந்தக் கோடைக்கும் தொடர்பு உண்டு என்பதை உறுப்பினர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். கருநீல வரியன், நீல வரியன், வெண்புள்ளிக் கறுப்பன் போன்றவை தென்மேற்குப் பருவமழைக்கு முன்பாக மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கே சமவெளிக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைகளுக்கும் வருகின்றன. அவற்றின் வழிவந்தவை வடகிழக்குப் பருவமழையை ஒட்டி மறுபடி மேற்கே போகின்றன. திரும்பிப் போவதைப் படம் எடுக்க எல்லோரும் வந்தோம். வருவதைப் பார்க்கும் மாதங்களில்தான் கரை காலியாக இருந்தது. வலசை நாட்களில் எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்குப் பறக்கிறது, குறிப்பிட்ட நிமிடங்களில் எத்தனை கடக்கிறது என்று எழுதித் தாருங்கள் என்று வந்தவர்களிடம் கேட்டேன். சிலர் எழுதினார்கள், அவர்களுக்கு நன்றி. மற்றவர்களிடமிருந்து படங்கள் மட்டுமே வந்தன.

நேரம் குறித்தும் ஒரு விளக்கம். பறவை பார்க்கும் உறுப்பினர்கள் விடியற்காலையில் வந்து எட்டு மணிக்குள் கிளம்பிவிடுகிறார்கள். பட்டாம்பூச்சிக்கு உடம்புச் சூடு வெயிலிலிருந்துதான் கிடைக்கிறது. சிறகை விரித்து வெயில் காய்ந்த பிறகே அது பறக்கும். அதனால் நம் எண்ணிக்கை வெயில் ஏறிய பிறகு தொடங்குகிறது. இரண்டையும் ஒரே நடையாக்க வேண்டும் என்று கடிதம் எழுதியவர்களுக்கு என் பதில் இதுதான்: எட்டு மணிக்கு மேல் இன்னும் கொஞ்ச நேரம் இருங்கள்.

பதிவுகளைச் சரிபார்ப்பதில் நான் கறாராக இருக்கிறேன் என்ற புகார் செயற்குழு வரை போனதால், அதற்கும் விளக்கம் தருகிறேன். கரையில் தமிழ் மறவனைப் பார்த்ததாக ஒரு உறுப்பினர் தெரிவித்தார், நான் பதிவேட்டில் ஏற்றவில்லை. தமிழ் மறவன் 2019-இல் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவிக்கப்பட்டதிலிருந்து, ஆரஞ்சு நிறத்தில் எது பறந்தாலும் அதுதான் என்று நினைப்பது இயல்பு. ஆனால் அது மலைக்காடுகளில் வாழும் பூச்சி. அவர் அனுப்பிய படத்தில் இருந்தது டானி காஸ்டர் என்ற வேறொரு ஆரஞ்சுப் பட்டாம்பூச்சி. அதன் புழு தின்னும் சிறுபூனைக்காலி நம் வேலியோரம் எங்கும் படர்ந்திருக்கிறது. அவருக்கு மனவருத்தம் இருக்கலாம். ஆனால் பதிவேட்டில் தவறாக ஏறிய ஒரு வரி, அதற்குப் பின்னால் வரும் எல்லா வரிகளையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கும்.

இன்னொரு குழப்பம், கறிவேப்பிலை அழகி என்ற பட்டாம்பூச்சியின் பெண். அதில் ஒரு வடிவம் ரோஜா அழகியைப் போலவும், இன்னொன்று சிவப்புடல் அழகியைப் போலவும் இருக்கும். ரோஜா அழகியும் சிவப்புடல் அழகியும் புழுப் பருவத்தில் ஆடுதீண்டாப்பாளைச் செடியைத் தின்று அதன் நஞ்சை உடம்பில் சேர்த்துக்கொள்வதால் பறவைகள் அவற்றைத் தொடுவதில்லை. கறிவேப்பிலையும் எலுமிச்சையும் தின்று வளரும் இதற்கு அந்த நஞ்சு கிடையாது, வேஷம் மட்டும் உண்டு. அடையாளம் எளிது: உடம்பு சிவப்பா கறுப்பா என்று பாருங்கள். சிவப்பென்றால் நஞ்சுள்ள இரண்டில் ஒன்று, கறுப்பென்றால் கறிவேப்பிலை அழகி. சிறகை மட்டும் எடுத்த படத்தை வைத்து என்னால் எதுவும் சொல்ல முடியாது. அப்புறம், வாட்ஸ்ஆப்பில் போடும்போது படத்தோடு இருக்கும் தேதி, இட விவரங்கள் போய்விடுகின்றன. தேதி, இடம், நேரம், உட்கார்ந்திருந்த செடி, இந்த நான்கையும் படத்துக்குக் கீழே ஒரு வரியாக எழுதுங்கள் என்று குழுவில் எத்தனை முறை கேட்டிருக்கிறேன் என்பது உங்களுக்கே தெரியும்.

இந்த ஆண்டின் முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஏரிக்கரையைப் பலப்படுத்தும் வேலை நடந்தது. கரை உறுதியாக இருக்க வேண்டும், அதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. சீமைக் கருவேலத்தை எடுப்பதையும் நாம் எதிர்க்கவில்லை. ஆனால் பொக்லைன் வந்தால் அதற்குக் கருவேலம், ஆவாரை, எருக்கு என்ற வித்தியாசம் கிடையாது. எல்லாமே புதர்தான். வேலை தொடங்கப் போகிறது என்று தெரிந்ததும் பதிவேட்டை எடுத்துக்கொண்டு, வேலையை மேற்பார்த்தவர்களைப் போய்ப் பார்த்தேன். "பூச்சிக்காக வேலையை நிறுத்த முடியுமா?" என்றுதான் முதலில் கேட்டார்கள். நிறுத்தச் சொல்லவில்லை, எதை விட்டுவைக்கலாம் என்று மட்டும் காட்டுகிறேன் என்றேன். மதகிலிருந்து பனைவரிசை வரை, எந்தச் செடியில் எந்தப் புழு, எந்த மாதம், எத்தனை என்று பக்கம் பக்கமாக இருந்தது. எருக்கில் வெந்தய வரியன், ஆவாரையில் மஞ்சள் பூச்சிகளின் புழு, சரிவின் அடியில் ஆடுதீண்டாப்பாளையும் அதில் சிவப்புடல் அழகியின் முட்டையும். ஒவ்வொரு செடியும் கரையில் எந்தக் கல்லருகே என்று எழுதியிருந்தோம். அவர்கள் பொறுமையாகப் பார்த்தார்கள். அந்தப் பகுதியில் கருவேலத்தை மட்டும் எடுத்துவிட்டு, சரிவின் கீழ்ப்பக்கத்தைத் தொடாமல் விட்டார்கள். அதற்கு நாம் நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

பிறகு, "பனைவரிசையிலிருந்து கலிங்கல் வரைக்கும் என்ன இருக்கிறது?" என்று கேட்டார்கள். என்னிடம் காட்ட எதுவும் இல்லை. அந்தப் பகுதிக்குப் பொறுப்பேற்ற உறுப்பினர்கள் தொடக்கத்தில் சில வாரங்கள் எழுதினார்கள், பிறகு வரவில்லை. நான் மதகுப் பகுதியை முடித்துவிட்டு அங்கே போகும்போது நேரம் கடந்துவிடும். தடத்தின் விதிப்படி அப்போது எண்ணுவது பதிவாகாது. அங்கே கிலுகிலுப்பை, தேள்கொடுக்கு என்ற செடிகள் நிறைய இருந்தன. காய்ந்த அந்தச் செடிகளில் ஆண் வரியன்களும் கறுப்பன்களும் மொய்த்து, காலால் கீறிச் சாற்றை உறிஞ்சும். அந்தச் சாற்றிலுள்ள வேதிப்பொருளிலிருந்துதான் அவை பெண்ணை ஈர்க்கும் வாசனையை உண்டாக்குகின்றன. வலசைக் கூட்டம் அங்கே தங்குவதற்கு அதுவே காரணம் என்று நான் நினைக்கிறேன். வாயால் சொன்னேன். "எழுத்தில் இருக்கிறதா?" என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டது நியாயம்தான். அந்தப் பகுதி முழுவதும் மழிக்கப்பட்டது.

அந்த உறுப்பினர்களின் பெயரைச் சொல்லும் எண்ணம் இல்லை. ஒவ்வொருவருக்கும் வேலை, குடும்பம், உடல்நிலை என்று காரணங்கள் இருந்திருக்கும். வர முடியவில்லை என்றால் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மாற்று ஆளைப் போட்டிருக்கலாம் என்பதுதான் என் ஆதங்கம்.

மற்ற உயிரினங்கள் பற்றிய பதிவுகள் தனிக் கோப்பில் உள்ளன. சூறைக்குருவிகள் வந்தன. தூக்கணாங்குருவிகள் கிணற்றோரப் பனையில் கூடு கட்டின. மழைக்காலத் தொடக்கத்தில் வயல்மேல் கூட்டமாகப் பறந்தவை, கடல் கடந்து வலசை போகும் பண்டாலா தும்பிகள். கீரி, ஓணான், பாம்புச் சட்டை எல்லாம் எழுதப்பட்டுள்ளன. பாம்புச் சட்டையைக் கொண்டுவந்து கொடுத்த மாணவரைச் சிறப்பாகக் குறிப்பிட வேண்டும். எந்த நாள், எந்த வரப்பு என்று சீட்டு எழுதி அதோடு சேர்த்துக் கொடுத்த பிள்ளை அது.

வரவு செலவு விவரத்தைப் பொருளாளர் படிப்பார். பதிவேடு, எழுதுபொருள், கூட்டச் செலவு, மாணவர் நடைக்கான சிற்றுண்டி ஆகியவைதான் பெரும்பாலும் செலவு. கையிருப்பு போன ஆண்டைவிடக் குறைவு. தொலைநோக்கி வாங்காமல் அலமாரி வாங்கியது ஏன் என்று கேட்டவர்களுக்கு: முந்தைய ஆண்டுப் பதிவேடுகளில் ஒன்றைக் கரையான் தின்றுவிட்டது. மறுபடி வாங்க முடிந்ததை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம். பதிவேட்டை வாங்க முடியாது.

சந்தா விஷயத்தை எத்தனை மென்மையாகச் சொல்வது என்று தெரியவில்லை. குழுவில் தினமும் காலை வணக்கம் அனுப்பும் உறுப்பினர்களில் கணிசமானவர்கள் இந்த ஆண்டுச் சந்தாவைச் செலுத்தவில்லை. போன ஆண்டு பாக்கியும் சிலருக்கு நிற்கிறது. தொகை சிறியது. கஷ்டம் இருப்பவர்கள் என்னிடமோ பொருளாளரிடமோ தனியாகச் சொன்னால் போதும், யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொள்வோம். சொல்லாமலே இருப்பதுதான் வருத்தமாக இருக்கிறது.

தலைவர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்கள், மாணவர்களை அனுப்பிய ஆசிரியர்கள், கூட்டத்துக்கு இடம் கொடுத்தவர்கள், கரையோர நிலத்தில் நம்மை நடக்க விட்ட விவசாயிகள் அனைவருக்கும் நன்றி. நடை நாட்களில் தண்ணீர் கொடுத்த கரையோர வீட்டு அம்மாவுக்கும் நன்றி.

வரும் ஆண்டைப் பற்றி வெளிப்படையாகவே பேசுகிறேன். தடத்தை மாற்றக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. மழிக்கப்பட்ட பகுதியில் எந்தச் செடி முதலில் முளைக்கிறது, எந்தப் பூச்சி முதலில் திரும்புகிறது என்பதை முதல் மழையிலிருந்தே எழுதியாக வேண்டும். போன முறை அங்கே இருந்ததை எழுதாமல் விட்டோம், திரும்பி வருவதையாவது விடக் கூடாது. இந்தப் பொறுப்பை நான் பல ஆண்டுகளாகச் சுமந்துவருகிறேன். முழங்கால் முன்போல் ஒத்துழைப்பதில்லை. வெயிலில் கரை முழுவதும் ஒரே ஆளாக நடக்க இனி என்னால் ஆகாது. செயலாளர் பதவிக்கு இளையவர் யாராவது முன்வந்தால் மனமுவந்து ஒப்படைப்பேன், பதிவேட்டை எழுதும் முறையைக் கூடவே நடந்து சொல்லித் தருவேன். யாரும் முன்வராவிட்டால் பொதுக்குழு சொல்கிறபடி தொடர்வேன். ஆனால் கலிங்கல் பகுதிக்கு இரண்டு பேர் இல்லாமல் தொடர்வதில் பயன் இல்லை. கோடையிலும் வரக்கூடிய இரண்டு பேர் வேண்டும். படம் எடுக்கத் தெரிய வேண்டும் என்பதில்லை, வகைகளும் தெரிந்திருக்க வேண்டாம், போகப் போகத் தெரிந்துவிடும்.

புதிய பதிவேடு மேசைமேல் இருக்கிறது. ஒவ்வொரு பகுதிக்கும் பொறுப்பாளர் பெயருக்கு இடம் விட்டிருக்கிறேன். கூட்டம் கலைவதற்கு முன் பெயரையும் தொலைபேசி எண்ணையும் எழுதிவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்கிறேன். பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு வாசலருகே அமர்ந்திருப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்