மரண சகாய நிதிப் பட்டியலுக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

சுங்கை சிப்புட்டிலும், பிழைப்புக்காகப் போன ஈப்போ, பினாங்கு, ஜொகூர், சிங்கப்பூரிலும் இருக்கும் நம் தோட்டத்து உறவுகள் எல்லோருக்கும் வணக்கம்.

சாவு விழும் வீட்டுக்கு உதவ நாம் சந்தா போட்டுச் சேர்க்கும் மரண சகாய நிதியின் பெயர்ப் பட்டியல் இப்போது கணினியில் இருக்கிறது. பெயரில் இரண்டெழுத்து தட்டினாலே ஆள் வந்து நிற்கிறார். நிரலை எழுதியவள் என்பதால் எல்லோரும் என்னையே பாராட்டுகிறீர்கள். அது சரியில்லை. யார் என்ன செய்தார்கள் என்று ஊருக்குத் தெரிய வேண்டும், அதற்குத்தான் இந்த மடல்.

முதலில் கிராணி ஐயா, நம் தோட்டத்து எழுத்தர். நாம் இருந்த வரிசை வீடுகளான லயங்களை இடித்து, தாமான் குடியிருப்புக்கு வந்தபோது பழைய தாள்களையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டோம். அவர் மட்டும் நிதியின் பதினொரு நோட்டுகளையும் பிஸ்கட் தகரத்தில் அடுக்கி, கரையான் ஏறாமல் காப்பாற்றி வைத்திருந்தார். நோட்டில் நான்கு முனியாண்டிகள். மேட்டு லயத்து முனியாண்டி யார், பால் கொட்டகைக்குப் பின்னால் இருந்த முனியாண்டி யார், யாருக்கு எந்த மண்டோர் (வேலை மேற்பார்வையாளர்), அப்பா பெயர் என்ன என்று ஒவ்வொருவராகப் பிரித்துச் சொன்னார். அதைக் கேட்ட பிறகுதான் தேடும் பெட்டிக்குப் பக்கத்திலேயே தோட்டப் பிரிவான டிவிஷனைத் தேர்ந்தெடுக்கும் பெட்டியையும் வைத்தேன். பெயர், டிவிஷன் இரண்டுக்கும் வரிகளை வடிகட்டும் ரோஃபில்டர் தனித்தனியாக எழுதி, இரண்டையும் இணைக்கும் ஆண்ட்ஃபில்டரால் சேர்த்துவிட்டால் இரண்டுக்கும் பொருந்துகிறவர்கள் மட்டும் திரையில் மிஞ்சுவார்கள். ஜாவா நிரல்மொழியில் திரையை அமைக்கும் ஸ்விங்கில் இந்த வசதி 2006 கடைசியில் வந்த ஜாவா 6 முதல் இருக்கிறது. ஆனால் எதை வைத்து வடிகட்ட வேண்டும் என்று சொல்லத் தோட்டத்தைத் தெரிந்த ஆள் வேண்டும்.

அப்புறம் நடந்ததை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

முதல் சனிக்கிழமை வசூல். எதிர்வீட்டுப் பாட்டி ஐந்து வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தார். பெயரைத் தட்டினேன், ஒரே வரி வந்தது. அதைத் தேர்ந்தெடுத்துச் சந்தாவைப் பதிந்தேன். இப்படியே ஒன்பது பேர். சாயங்காலம் கிராணி ஐயா தன் நோட்டோடு வந்து உட்கார்ந்தார். விரலை வரிமேல் வைத்து ஒவ்வொன்றாகத் திரையோடு ஒத்துப் பார்த்தார். பாட்டி பெயரில் விரல் நின்றுவிட்டது.

“ஏம்மா, இந்தப் பணம் யார் பேர்ல ஏறியிருக்கு, பாரு.”

பட்டியலின் முதல் ஆள் பெயரில் ஏறியிருந்தது. ஒன்பது பேர் பணமும் அந்த ஒரே பெயரில் கிடந்தது. எனக்குக் கை நடுங்கிவிட்டது. அந்தப் பணம் ஒரு வீட்டில் சாவு விழும் ராத்திரியில் எடுப்பது. சந்தா பாக்கி என்று அன்றைக்குப் போய்ச் சொன்னால் அந்தக் குடும்பம் என்ன செய்யும்? ஐயா ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. “நோட்டு இருக்குல்ல, சரி பண்ணிரலாம்” என்று சொல்லிவிட்டு, ராத்திரி பதினொரு மணி வரை ஒவ்வொரு பெயராக வாசித்துக் கொடுத்தார்.

காரணத்தைப் பிடித்தது என்னோடு தமிழ்ப்பள்ளியில் படித்து, இப்போது பினாங்கில் வேலை பார்க்கும் தோழி. பட்டியலைத் திரையில் காட்டும் ஜேடேபிளில் கண்ணுக்குத் தெரியும் வரிசை வேறு, உள்ளே தரவு இருக்கும் வரிசை வேறு. வடிகட்டினாலோ அகரவரிசைப்படுத்தினாலோ இரண்டும் விலகிவிடும். தேர்ந்தெடுத்த வரி எது என்று சொல்லும் கெட்செலக்டெட்ரோ தருவது கண்ணுக்குத் தெரியும் வரிசையின் எண். அதைக் கன்வர்ட்ரோஇண்டெக்ஸ்டுமாடல் மூலம் உள்வரிசை எண்ணாக மாற்றிய பிறகுதான் உள்ளே கை வைக்க வேண்டும். அந்த ஒரு வரியை நான் எழுதவில்லை. வடிகட்டாமல் சோதித்தபோதெல்லாம் இரண்டு எண்ணும் ஒன்றாகவே இருந்ததால் தெரியவும் இல்லை. இரவு ஷிப்ட் முடிந்து வந்த களைப்போடு தொலைபேசியிலேயே இதைப் பொறுமையாக விளக்கினாள். நீ இல்லாவிட்டால் பட்டியலையே மூடி வைத்திருப்பேன், தோழி.

நோட்டைத் தட்டச்சு செய்த மூன்று பிள்ளைகளுக்கும் நன்றி. ஐந்தாம் படிவத் தேர்வுக்கு நடுவில் வந்து உட்கார்ந்தீர்கள். அவர்களில் ஒரு பெண்தான், “அக்கா, கோவிந்தம்மான்னு தேடினா பாதிப் பேர் வரமாட்டேங்கிறாங்க” என்று கண்டுபிடித்தாள். பழைய எழுத்துருவில் இருந்து மாற்றிய பெயர்களில் ‘கோ’ என்ற எழுத்தின் முன்கொம்பும் பின்காலும் இரண்டு தனிக் குறிகளாக இருந்தன. புதிதாகத் தட்டியதில் இரண்டும் சேர்ந்து ஒரே குறி. கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு இரண்டு வேறு சொற்கள். பட்டியலில் இருக்கும் பெயரையும் தேடும் சொல்லையும் ஜாவாவின் நார்மலைசரில், பிரிந்த குறிகளைச் சேர்க்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிய பிறகு எல்லாக் கோவிந்தம்மாக்களும் வந்துவிட்டார்கள். அடைப்புக்குறி தட்டினால் நிரல் பிழை காட்டுவதைக் கண்டதும் அவள்தான். தேடும் சொல்லை, அடைப்புக்குறியையும் வெறும் எழுத்தாகவே எடுக்க வைக்கும் பேட்டர்ன் குவோட்டில் போட்டதும் அது நின்றது. அடையாள அட்டை எண்ணை எண்ணாக வைக்காமல் எழுத்தாக வைக்கச் சொன்னது அவள் தம்பி. 2000-க்குப் பிறகு பிறந்த பல பிள்ளைகளின் அட்டை எண் பூஜ்யத்தில் தொடங்குகிறது, எண்ணாக வைத்தால் அந்தப் பூஜ்யம் போய்விடும்.

மண்டபத்து அறையைத் திறந்துவிட்ட கோயில் தலைவருக்கும், பழைய கணினியைச் சுத்தம் செய்து சும்மாவே கொடுத்த கடை அண்ணனுக்கும், நாங்கள் உட்கார்ந்த ஒவ்வொரு ராத்திரியும் மைலோ கலக்கிக் கொண்டுவந்த அக்காமார்களுக்கும் நன்றி.

எதிர்வீட்டுப் பாட்டிக்குத் தனியாக. அவர் பணம் இடம் மாறிப்போனதை நானே போய்ச் சொன்னேன். கேட்டுவிட்டு, அடுத்த சனிக்கிழமையும் முதல் ஆளாக வந்து என் கையில்தான் ஐந்து வெள்ளியைக் கொடுத்தார்.

தீபாவளி வரை ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்குக் கணினி கோயில் மண்டபத்தில் இருக்கும். வந்து உங்கள் பெயரையும் வாரிசு பெயரையும் தேடிப் பாருங்கள். எழுத்து மாறியிருந்தால் அங்கேயே சொல்லுங்கள். கிராணி ஐயா நோட்டோடு பக்கத்தில் இருப்பார்.

அன்புடன்,
மேட்டு லயம் நான்காம் வீட்டுப் பெண்