கண்ணாடியும் செல்ஃபியும் ஒன்றல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பெண் ஓவியர்கள் தங்களையே வரைந்த படங்கள் பற்றி ஞாயிறு மலரில் வந்த கட்டுரையைப் படித்தோம். படத் தேர்வு அருமை. ஆனால் அவற்றை ‘அந்தக் கால செல்ஃபி’ என்றதை ஏற்க முடியவில்லை. 1768இல் லண்டனில் ராயல் அகாடமி என்னும் கலைக் கழகத்தைத் தொடங்கியவர்களில் ஏஞ்சலிகா காஃப்மன், மேரி மோசர் என இரு பெண்கள் உண்டு. அப்படியிருந்தும், ஆளை நிறுத்தி உடலை வரையும் வகுப்பில் பெண்கள் நுழைய அங்கே 1893 ஆயிற்று. கூலியும் அனுமதியும் கேட்காமல் எதிரே உட்கார அவர்களுக்குக் கிடைத்தது கண்ணாடிப் பிம்பம்தான். பிளெமிஷ் ஓவியர் கேத்தரினா வான் ஹெமெசன் 1548இல் கையில் தூரிகையோடு தன்னை வரைந்து, பெயரையும் வயது 20 என்பதையும் படத்திலேயே எழுதினார். தன் தொழிலைப் பதிவு செய்த படம் அது.

கும்பகோணம், தஞ்சை வட்டாரப் பிள்ளைகளோ செல்போன் படத்தைப் பார்த்துத் தங்கள் முகத்தை வரைகிறார்கள். கேமராவை ஒன்றரை அடியில் பிடித்தால் மூக்கு பெருக்கும், காது ஒடுங்கும். கண்ணாடியை அதே தூரத்தில் வைத்தால் பிம்பம் மூன்றடி தள்ளி நிற்கும். முகம் உள்ளபடி தெரியும். கண்ணாடிப் பரப்பில் முகம் சரிபாதி அளவுதான் என்பதால், அங்கே அளந்ததை இரட்டித்தால்தான் முழு அளவு வரும். தலை அசையாதிருக்க ஒரு வழி: ஒரு கண்ணை மூடி, கண்ணாடியில் மூக்கு நுனி தெரியும் இடத்தில் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டுங்கள். நிமிரும்போதெல்லாம் மூக்கு பொட்டுக்கு நேரே வரட்டும். கண்களை மேலே ஏற்றி வைப்பதே பெரும்பிழை. உச்சந்தலைக்கும் தாடைக்கும் நடுவில்தான் கண் இருக்கிறது.

நேராகப் பார்க்கும் முகம் வேண்டாமென்றால் இன்னொரு கண்ணாடி வேண்டும். இத்தாலிய ஓவியர் ஆர்டெமிசியா ஜென்டிலெஸ்கி 1638 வாக்கில் தன்னை வரைந்த, பக்கவாட்டில் சாய்ந்து நம்மைப் பாராத முகத்துக்கும் இரண்டு கண்ணாடி தேவைப்பட்டிருக்கும் என்கிறார்கள்.

வெளிச்சத்துக்கு வடக்கு ஜன்னல் என்னும் மேல்நாட்டு விதி நமக்கு ஆண்டு முழுதும் பொருந்தாது. சித்திரை இரண்டாம் வாரம் முதல் ஆவணி முதல் வாரம் வரை டெல்டாவில் சூரியன் நாள் முழுக்க வடக்குச் சாய்வாகவே போகிறது. வடக்கு ஜன்னலில் வெயில் விழுந்து நிழல் நகர்ந்துகொண்டே இருக்கும். அந்த மாதங்களில் தெற்கு ஜன்னல்தான் சரி.

பிள்ளைகளுக்கு ஓவியப் போட்டி நடத்துவோர் ஆளுக்கு ஒன்றாக, முகமும் தோளும் தெரியும் சிறு கண்ணாடி கொடுத்து, செல்போன்களை வாசலிலேயே வாங்கி வைக்க வேண்டுகிறோம்.

ஓவிய ஆசிரியர்கள் சிலர்,
கும்பகோணம்.