வியாழக்கிழமை வகுப்பை விட்டுவிடு, பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

போன வாரம் நீ போனில் அழுததை அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், "அந்தக் கூத்தை விட்டுட்டு ஒழுங்கா வேலையைப் பார்க்கச் சொல்லுங்க" என்றிருப்பாள். கூத்தாடியைக் கட்டிக்கொண்டவள் பேச்சு அது.

நீ சொன்ன கணக்கைக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை இம்ப்ராவ் வகுப்பு, அதாவது எழுதின வசனம் இல்லாமல் மேடையிலேயே காட்சியைக் கட்டுகிற நடிப்பு, மூன்று மணி நேரம். வியாழன் வேறொரு இடத்தில் வேறொரு வகுப்பு. சனிக்கிழமை ஏழு பேர் காசு போட்டு அறை பிடித்து, கோச்சுக்கும் கொடுத்துப் பயிற்சி. ஞாயிறு இரவு ஜாம். பெயர் கொடுத்தவர்கள் எல்லாம் மேடையேறலாம். நடுவில் ஆபீஸ். சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. இதில், "மேடையில ஒரு வார்த்தை வரலப்பா, அப்படியே நின்னுட்டேன்" என்றால், வேறு என்ன நடக்கும்?

நீ இருக்கிற சிகாகோ எனக்குத் தெரியாது. ஒத்திகை இல்லாத மேடை தெரியும். ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் இன்னொரு ஊரிலிருந்து, பபூன் எங்கிருந்தோ. ராத்திரி பத்து மணிக்கு மேடைக்குப் பின்னால்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். வள்ளி திருமணம் கதை எல்லோருக்கும் தெரியும். சங்கரதாஸ் சுவாமிகள் பாட்டும் தெரியும். ஆனால் தர்க்கத்தில் நாரதர் எதைக் கிளப்புவார் என்று வள்ளிக்குத் தெரியாது. அவர் சொன்னதைக் கையில் வாங்கிக்கொண்டால்தான் திருப்பி அடிக்க முடியும். "ஆமாம், அதோடு..." என்று உங்கள் வகுப்பில் முதல் நாளே சொல்லிக்கொடுத்தார்களாமே, கிட்டத்தட்ட அதுதான்.

நான் ஆர்மோனியத்தில் உட்கார்ந்த முதல் வருடம், வீட்டில் தினமும் ஆறு மணி நேரம் சாதகம். மானாமதுரைப் பக்கம் ஒரு கிராமம். விடிய இன்னும் கொஞ்ச நேரம்தான், கூட்டத்தில் பாதி தூங்கிவிட்டது. அதைப் பார்த்த வள்ளி, பாட வேண்டிய பாட்டை விட்டுவிட்டு விறுவிறுப்பாக இன்னொன்றுக்குத் தாவிவிட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டு வீட்டில் பழகின பாட்டையே வாசித்துக்கொண்டிருக்கிறேன். தூங்கினவர்களும் எழுந்து சிரித்தார்கள். அப்புறம் டீக்கடையில் மிருதங்கக்காரர் சொன்னார்: "விரலெல்லாம் இங்கதான் இருக்கு தம்பி. காதை வீட்லயே வச்சிட்டு வந்துட்ட."

உனக்கும் அதே கோளாறுதான் என்று நினைக்கிறேன். செவ்வாய்க்கிழமை ஆசிரியர், காட்சியில் வினோதமான ஒன்றைப் பிடித்து அதையே வளர்க்கச் சொல்கிறார். வியாழக்கிழமைக்காரர், அதை விடு, இந்த இரண்டு பேருக்கும் என்ன உறவு என்று பார் என்கிறார். இரண்டும் சரியாகத்தான் இருக்கும். ஆனால் மேடையில் நீ இந்த இரண்டு பேர் குரலையும் கேட்டுக்கொண்டு நிற்கிறாய். எதிரே நிற்கிற பெண் சொன்னது காதில் விழவே இல்லை.

அதனால் வியாழனை விடு. கட்டின பணம் போனால் போகட்டும். எட்டு வார வகுப்பு அடுத்த வருடமும் இருக்கும். சனிக்கிழமைப் பயிற்சியை விடாதே. ஜாமை நிச்சயமாக விடாதே. செவ்வாய் கற்றதை அந்த வாரமே நாலு பேர் முன்னால் போட்டுப் பார்க்காவிட்டால் அது நோட்டில்தான் இருக்கும். காலியான வியாழனில் சும்மா இரு, இல்லாவிட்டால் போய் ஒரு ஷோ பார். செகண்ட் சிட்டி என்ற இம்ப்ராவ் நாடகக் குழு 1959இல் தொடங்கிய ஊரில் இருந்துகொண்டு, மாதத்துக்கு ஒன்றுகூடப் பார்ப்பதில்லை என்றாயே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நாடகம் இல்லாத ராத்திரிகளில் நான் மற்றவர்கள் மேடையோரம் போய் உட்கார்ந்துதான் காதைத் திரும்ப வாங்கினேன். நோட்டை எடுத்துப் போகாதே.

வயோலா ஸ்போலின் என்ற அம்மாவைப் பற்றி நீதான் சொன்னாய். சிகாகோவில் குடியேறினவர்களின் பிள்ளைகளோடு விளையாட்டு விளையாட்டாக நடிப்புச் சொல்லிக்கொடுத்தவர், அவர் மகன் பால் சில்ஸ்தான் செகண்ட் சிட்டியைத் தொடங்கினவர்களில் ஒருவர் என்று. பிள்ளைகள் விளையாடினதை நீ சி.ஏ. பரீட்சை மாதிரி படிக்கிறாய்.

தனியாக என்ன பழகுவது என்று கேட்டாய். எதிராளி முடித்த சொல்லிலிருந்து உன் வாக்கியத்தைத் தொடங்கும் பயிற்சி ஒன்று சொன்னாயே, அது நம் அந்தாதிதான். அதற்கு அறையும் வேண்டாம், கோச்சும் வேண்டாம், அப்பா போதும். உனக்குச் சனி ராத்திரி எட்டரை, எனக்கு ஞாயிறு காலை ஏழு மணி. கூப்பிடு. பத்து நிமிடம் போதும், யோசிக்கக் கூடாது, சிரிப்புக் காட்டவும் கூடாது.

முதல் வாக்கியத்தை இப்போதே தருகிறேன்: ஆர்மோனியத் துருத்தியைக் கடித்தது எலி.

நிஜமாகவே கடித்துவிட்டது. ஒட்டுப் போடக் கொடுத்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா