நெட் இல்லாத நேரத்திலும் சரியான மணி

ஆசிரியர் அவர்களுக்கு,

கணினியில் மணி தவறினால் "தானியங்கி நேரத்தை ஆன் செய்யுங்கள்" என்பதே உங்கள் கணினிப் பக்கத்தில் வழக்கமாக வரும் பதில். நாள் முழுக்க நெட் இருப்பவர்களுக்கு அது போதும். விட்டு விட்டு வரும் இணைப்பை வைத்துக்கொண்டிருப்பவர்களுக்குப் போதாது. ஆய்வுக்கூடம் ஒன்றில் வெப்பநிலையைப் பதிவு செய்யும் கணினிகளைப் பராமரிக்கிறவள் நான். நெட் எப்போதாவதுதான் வரும். பதிவோ நிமிடத்துக்கு நிமிடம் நடக்கிறது.

குவார்ட்ஸ் படிகத்தின் அதிர்வை எண்ணித்தான் கணினி மணி காட்டுகிறது. அந்த அதிர்வு பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகினாலே நாளொன்றுக்கு ஏறக்குறைய 1.7 வினாடி, ஒரு மாதத்தில் 50 வினாடிக்கு மேல் தள்ளிப்போகும். ஆனால் ஒரு படிகம் பெரும்பாலும் ஒரே பக்கமாக, ஏறத்தாழ ஒரே வேகத்தில்தான் பிசகும். வெப்பநிலை மாறினால் கொஞ்சம் கூடும், குறையும். அப்படியென்றால் அந்த வேகத்தை அளந்து வைத்துக்கொண்டு, நெட் இல்லாதபோதும் ஈடுகட்டிக்கொண்டே போகலாமே!

லினக்ஸில் ஓடும் க்ரோனி என்ற மென்பொருள் இதைத்தான் செய்கிறது. இணைப்பு வந்ததும், என்டிபி என்ற நெறிமுறைப்படி நெட் வழியாகச் சரியான மணி சொல்லும் சர்வர்களிடம் மணி கேட்கும். (டேவிட் மில்ஸ் வடிவமைத்த என்டிபி 1985 முதல் புழக்கத்தில் இருக்கிறது.) கேள்வி போய்ப் பதில் வந்த தாமதத்தையும் கணக்கில் சேர்க்கும். தன் கடிகாரம் என்ன வேகத்தில் பிசகுகிறது என்பதை ஒரு கோப்பில் எழுதிவைக்கும். இணைப்பு போன பிறகும் அந்தக் கணக்கு வேலை செய்துகொண்டே இருக்கும்.

அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, திருத்தும் விதம். கடிகாரம் மூன்று வினாடி முந்தியிருந்தால் சட்டென்று பின்னால் இழுக்கக் கூடாது. இழுத்தால் அதே வினாடிகள் பதிவில் இரண்டு முறை வரும். எது முதலில் நடந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. க்ரோனி கடிகாரத்தைச் சற்று மெதுவாக ஓடவிட்டுச் சரிக்கட்டும். கணினியைத் தொடங்கும்போது மட்டும் ஒரேயடியாக மாற்ற, க்ரோனியின் அமைப்புக் கோப்பில் "மேக்ஸ்டெப்" (makestep) என்ற வரியில் அனுமதி கொடுக்கலாம். அந்த வரியை யோசிக்காமல் அப்படியே நகலெடுத்துப் போடுவது எனக்கு ஒப்புதல் இல்லை.

அப்புறம், மதர்போர்டில் இருக்கும் வட்ட பேட்டரி. கணினி அணைந்திருக்கும்போது மணியைக் காப்பது அதுதான். அது தீர்ந்தால் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னால் போய்விடும். பாதுகாப்புச் சான்றிதழ்களின் தேதி பொருந்தாமல் இணையதளங்கள் திறக்க மறுக்கும். நெட் வந்திருக்கும்போதே நெட்டைத்தான் திட்டுவார்கள்.

இவற்றை எல்லாம் சேர்த்து ஒரு முழுப் பக்கம் வெளியிடுங்கள். நெட்டே எட்டாத இடங்களுக்கு ஜிபிஎஸ் ரிசீவர் மூலம் மணி வாங்குவது எப்படி என்பதும் அதில் இருக்கட்டும். வானம் தெரியும் ஜன்னல் ஒன்று இருந்தால் போதும் என்பது பலருக்குத் தெரியாது.

இப்படிக்கு,
கணினிப் பராமரிப்பில் இருக்கும் வாசகி