மாப்ள, வண்டி கெடல, ஆடி பொறந்திருக்கு

மாப்ள,

நேத்து ராத்திரி பத்தரை மணிக்கு போன் பண்ணி நீ பொலம்புனப்பவே பதில் சொல்லியிருப்பேன், நீ எங்க பேச விட்ட. மைலேஜே வரல, வண்டிய வித்துடறேன், ஆட்டோமேட்டிக்கே வேணாம், பழைய மேனுவலே தேவலைன்னு ஒரே மூச்சுல சொல்லிட்டு வெச்சுட்ட. அதான் உக்காந்து எழுதறேன், இங்க போட்டா உன்ன மாதிரி ஆட்டோமேட்டிக் எடுத்துட்டு தலைல கை வெச்சிருக்கற இன்னும் நாலு பேரு படிக்கட்டும்.

நீ சொன்னத நானே ஒருக்கா சொல்லிப் பாத்துக்கறேன். சித்திரைல வண்டி எடுத்தப்ப பொள்ளாச்சில சோலி முடிஞ்சு பொழுதோட பாலக்காட்டு ரோட்ல மேற்க கொழிஞ்சாம்பாறை திரும்பி வரப்ப டிஸ்ப்ளேல லிட்டருக்கு 17 கிலோமீட்டர் காட்டுச்சு. இப்ப அதே ரோடு, அதே நேரம், அதே ஆளு, 12 தாண்ட மாட்டேங்குது. ஒர்க்‌ஷாப்ல காட்டுன, இஞ்செக்டர் கிளீனிங் த்ராட்டில் பாடி கிளீனிங்னு 4,800 ரூபா வாங்கிட்டாங்க, அப்பவும் 12. இப்ப ஆக்சிஜன் சென்சார் மாத்தணும்னு சொல்றாங்களாம். செக் இன்ஜின் லைட் எரியுதான்னு கேட்டேன், இல்லைன்ன. வண்டி இழுக்காம திணறுதான்னு கேட்டேன், அதுவும் இல்லைன்ன.

அப்ப மாத்தாத.

நாளைக்கு சாயங்காலம் கேரளா எல்லைல இருக்கற கோபாலபுரம் தாண்டுனதும் வண்டிய ஓரங்கட்டிட்டு ஒரு நிமிசம் பனைமரத்த பாரு. ஓலை அத்தனையும் பொள்ளாச்சி பக்கமா சாஞ்சு படபடன்னு அடிச்சுட்டு இருக்கும். அந்தக் காத்துக்கு எதிர்ல தான் நீ தெனமும் வண்டி ஓட்டற. மேற்கு மலைல நம்ம பாலக்காட்டுக் கணவாய் முப்பது நாப்பது கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு பெரிய ஓட்டை, மழைக்காத்து அது வழியா புகுந்து தான் இங்க கெழக்க வருது, அதுக்காகத் தான உடுமலைப் பக்கம் அத்தன காத்தாடி நட்டு வெச்சிருக்காங்க. சித்திரைல இந்தக் காத்து இல்ல. நீ வண்டி எடுத்தது காத்தில்லாத மாசத்துல.

இதுல இன்னொரு வேடிக்கை. பொள்ளாச்சி பாலக்காட்ட விட இருநூறு மீட்டர் உசரத்துல இருக்கு. அப்படின்னா பொழுதோட நீ வீட்டுக்கு வரப்ப ரோடு கண்ணுக்குத் தெரியாம எறக்கமாத் தான் வருது, நியாயமா மைலேஜ் எச்சா வரணும், சித்திரைல அப்படித் தான் வந்துச்சு. ஆடில அந்த எறக்கத்தையும் சேத்து காத்து முழுங்கிருது. காலைல போறப்ப எவ்வளவு காட்டுதுன்னு உங்கிட்ட கேட்டேன் பாரு, 15, 16ன்ன. மேட்டுல ஏறுறப்ப 16, எறக்கத்துல வரப்ப 12. எந்த சென்சாருக்கு மாப்ள காலை சாயங்காலம் தெரியும்?

கணக்காவே சொல்றேன். வேகம் ரெண்டு மடங்கானா காத்து தடுக்கறது நாலு மடங்காகும். நீ 80ல வர, எதிர்ல 25 கிலோமீட்டர் வேகத்துல காத்து அடிக்குதுன்னு வை, வண்டிக்கு அது 105ல போற மாதிரி. 105ஐ 80ஆல வகுத்து அதையே அதால பெருக்குனா 1.72, அதாவது காத்துத் தடை மட்டும் 72 சதவீதம் எச்சு. காலைல அதே காத்து பின்னாடி இருந்து தள்ளறப்ப அந்தத் தடை பாதிக்கும் கீழ வந்துரும். சரி, போறப்ப லாபம் வரப்ப நட்டம், சமமாப் போயிரும்னு நெனைக்காத, ரெண்டையும் கூட்டி சராசரி போட்டாலும் காத்தில்லாத நாள விட பத்து சதவீதம் எச்சாத் தான் நிக்கும். நானும் ஒரு வருசம் இது புரியாம டயர மாத்திப் பாத்தவன் தான்.

அதனால ஆவணி முடியற வரைக்கும் சாயங்காலம் மட்டும் 60ல வா. எதிர்காத்துல 60ன்னா வண்டிக்கு 85. அந்த ரோட்ல எவ்வளவு முறுக்குனாலும் ஊருக்கு ஊர் வேகத்தடை, உனக்கு மிச்சமாகறது அஞ்சாறு நிமிசம். மார்கழி தையில காத்து அப்படியே திரும்பி கெழக்க இருந்து அடிக்கும், மலையாளத்துக்காரங்க திருவாதிரைக் காத்துன்னு சொல்வாங்களே அது, அப்ப நீ காலைல மெதுவா போயிட்டு பொழுதோட கொஞ்சம் வெரசா வந்துக்க.

கம்பெனி 20ன்னு சொன்னான், ஏமாத்திட்டான்னு வேற திட்டுன. அந்த நம்பர் ரூமுக்குள்ள உருளை மேல சக்கரத்த ஓட விட்டு எடுக்கறது மாப்ள, ஏசிய அணைச்சுட்டு, எவ்வளவு வேகமாப் போனாலும் 90 தான். அங்க ஆடிக்காத்தும் இல்ல, பின்னாடி சீட்டுல அத்தையும் இல்ல.

இப்ப உன் காலுக்கு வரேன், கோவிச்சுக்காத. ஆனில பாலக்காட்டுக்கு நெச்சயத்துக்குப் போனப்ப உன் பக்கத்துல உக்காந்துட்டு எலப்புள்ளி வர்றதுக்குள்ள நீ எத்தன தடவ பிரேக் மிதிச்சன்னு எண்ணுனேன். முப்பத்தொண்ணு. முன்னாடி ஒரு கள்ளு வண்டி பறந்துட்டு இருந்துச்சு, அந்தப் பையனுக்கு கள்ளு புளிக்கறதுக்குள்ள கடைக்குக் கொண்டு போய் சேக்கணும், உனக்கு என்ன வந்துச்சு? வேகத்தடை இருநூறு மீட்டர் முன்னாடியே தெரியுது, அது வரைக்கும் ஆக்சிலேட்டர மிதிச்சுட்டே போய் கடைசில ஒரே அமுக்கு. காசு குடுத்து வாங்குன வேகம் அத்தனையும் பிரேக் பேடுல சூடாப் போச்சு.

தடை தெரிஞ்சவுடனே காலை எடுத்துரு, கியர் டிலயே, அதான் டிரைவ்லயே, இருக்கட்டும். இஞ்செக்சன் வண்டில நீ கால எடுத்து வண்டி கியர்ல உருண்டுட்டு இருந்தா கம்ப்யூட்டர் பெட்ரோலவே சுத்தமா நிறுத்திரும், சக்கரம் தான் இன்ஜின சுத்த வைக்கும். ஆர்பிஎம், அதாவது இன்ஜின் நிமிசத்துக்கு சுத்தற சுத்து, ஆயிரத்துச் சொச்சத்துக்கு எறங்குனதும் தான் மறுபடி பெட்ரோல் விடும். உன் டிஸ்ப்ளேல உடனடி மைலேஜ்னு ஒரு கோடு ஓடும் பாரு, கால எடுத்ததும் அது எகிறிப் போய் மேல ஒட்டிக்கும். அது தான் ஓசிப் பயணம்.

இதப் படிச்சுட்டு என்ல, அதான் நியூட்ரல்ல, போட்டு உருட்டலாமேன்னு தோணும் உனக்கு, எனக்கும் தோணுச்சு. வால்பாறைல இருந்து எறங்கறப்ப நாப்பது கொண்டை ஊசி வளைவையும் என்ல போட்டு உருட்டியே எறங்கிடலாம்னு கணக்குப் போட்டு கெளம்புனேன், ஒன்பதாவது வளைவு வந்தப்ப பிரேக்ல இருந்து பொகை. எல்லாரும் லோம்ஸ் வியூல நின்னு ஆழியார் டேம வெச்சு செல்பி எடுத்துட்டு இருக்காங்க, நான் மட்டும் முன் சக்கரத்த பாத்துட்டு நிக்கறேன், உங்கக்கா ஒரு வார்த்தை பேசல, அது தான் நெம்ப பயமா இருந்துச்சு. என்ல போட்டா இன்ஜின் ஐடில்ல ஓட பெட்ரோல் குடிக்கத் தான் செய்யும், டில விட்டாத் தான் பெட்ரோல் செலவு சுழி. இன்ஜினையே அணைச்சுட்டு உருட்டறது அதவிட மோசம், பிரேக் கல்லாட்டமா ஆயிரும், ஸ்டீரிங் கனத்துரும், கியர்பாக்ஸ் ஆயில் பம்ப்பே இன்ஜின் சுத்துனாத் தான் சுத்தும். மலை எறக்கத்துல கியர 2ல இல்லைன்னா எல்ல, அதான் லோ கியர்ல, போடு, இன்ஜினே புடிச்சுக்கும், பெட்ரோலும் போகாது.

அடுத்தது லாக்-அப். மேனுவல் வண்டில கிளட்ச் இரும்பா ஒட்டிக்கும், உன் வண்டில டார்க் கன்வெர்ட்டர், நடுவுல எண்ணெய் தான் தள்ளுது, கொஞ்சம் வழுக்கத் தான் செய்யும், அந்த வழுக்கல் தான் ஆட்டோமேட்டிக்குக்கு இருக்கற கெட்ட பேரு. ஆனா அதுக்குள்ளயே ஒரு கிளட்ச் இருக்கு, சீரான வேகத்துல கால் லேசா இருந்தா அது பூட்டிக்கும், அப்ப மேனுவலுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல. அது எப்ப பூட்டுதுன்னு முள்ளப் பாத்தாத் தெரியும். 55, 60ல சமமாப் போறப்ப ஆக்சிலேட்டர ஒரு நூலளவு தளத்து, வேகம் அப்படியே இருக்கும், ஆர்பிஎம் முள்ளு மட்டும் ஒரு எரநூறு எறங்கி நிக்கும், இன்னொரு கியர் விழுந்த மாதிரி. அந்த எடத்த உன் கால் கண்டுபுடிக்கணும். நீ ஒரு செகண்ட் அமுக்கறதும் ஒரு செகண்ட் விடறதுமா தையல் மிசின் மாதிரி ஓட்டறதால அது பூட்டறதும் அவுக்கறதுமாவே இருக்கு. கெளம்பறப்ப ஆர்பிஎம் ரெண்டாயிரம் பக்கமே வெச்சு ஏத்து, நாப்பது வந்ததும் கால லேசா எடுத்தா அடுத்த கியர தானாப் போட்டுக்கும். சாகப் போற எறும்பு மாதிரி ஊர்ந்துட்டுப் போகச் சொல்லல, அப்படிப் போனாலும் கீழ் கியர்லயே கெடந்து கேடு தான்.

சிவிடி, அதான் தனித்தனி கியர் இல்லாம பெல்ட்ல ஓடற ஆட்டோமேட்டிக், வெச்சிருக்கறவங்களுக்கும் இதே தான், அழுத்துனா வேகம் வர முன்னாடி சத்தம் வரும், அப்ப பெட்ரோல் தான் கத்துதுன்னு அர்த்தம்.

சின்னச் சின்ன விசயம் கொஞ்சம். துணிக்கடை வாசல்ல ஏசியப் போட்டுட்டு முக்கா மணி நேரம் உக்காந்திருந்தியே, அரை லிட்டருக்கு மேலயே போயிருக்கும், பத்து கிலோமீட்டருக்கு ஆகற பெட்ரோல் அது. பங்க்ல பையன் எத்தன வைக்கட்டும்னு கேட்டா முப்பதுன்னு சொல்லாத, டிரைவர் கதவத் தொறந்தா பக்கத்துத் தூண்ல ஸ்டிக்கர் இருக்கு, உன் வண்டிக்கு 33. அதுவும் காலைல வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி ஆறுன டயர்ல பாக்கணும், ஓடிப் போய் சூடான டயர்ல பாத்தா மூணு நாலு பிஎஸ்ஐ எச்சாக் காட்டும், நீ சரியா இருக்குன்னு நெனச்சுட்டு வந்துருவ.

எத்தனால் தான் காரணம்னு வாட்சப்ல ஒரம்பற யாரோ அனுப்புனத எனக்கும் தள்ளி விட்ட. எத்தனால்ல பெட்ரோல விட மூணுல ஒரு பங்கு சக்தி கம்மி, அது நெசம். 20 சதவீதம் கலந்தா வெறும் பெட்ரோலுக்கு ஆறேழு சதவீதம் கொறையும். ஆனா நீ சித்திரைல போட்டதும் அதே பெட்ரோல் தான, அப்ப 17 எப்படி வந்துச்சு?

அப்புறம் தமிழ்நாட்டுப் பக்கம் பெட்ரோல் லிட்டருக்கு நாலஞ்சு ரூபா கொறைவுன்னு, 2023 ஏப்ரல்ல கேரளாவுல ரெண்டு ரூபா செஸ் வேற போட்டதுல இருந்து, ஞாயித்துக்கிழமையும் கோபாலபுரம் வரைக்கும் டேங்க் நெப்பவே தனியா ஓட்டிட்டு வரயாம், அத்தை சொன்னாங்க. நீ தான் தெனமும் பொள்ளாச்சி போறயே, வர வழில போட்டுட்டு வா, கெரகம்.

டிஸ்ப்ளேய நம்பாத, என் வண்டில அது எப்பவும் ஒண்ணு ஒண்ணரை எச்சாத் தான் சொல்லும். ஒரே பங்க், ஒரே குழாய், தானா கட் ஆனதும் நிறுத்திரு, அதுக்கு மேல பையன ஒரு சொட்டு விட விடாத. டிரிப் மீட்டர சைபர் பண்ணு. அடுத்த தடவ அதே மாதிரி நெப்பி, ஓடுன கிலோமீட்டர போட்ட லிட்டரால வகு. ஒரு டேங்க் பாத்துட்டு போன் பண்ணாத, மூணு டேங்க் பாரு. என் நாலு கியர் பழைய வண்டி 11.8ல கெடந்துச்சு, இப்ப ஆடிலயே 14.5 குடுக்குது, பங்குனில 16 தாண்டும், ஒரு ஸ்பேர் கூட மாத்தல.

ஞாயித்துக்கிழமை வரேன். பிரஷர் கேஜ் எடுத்துட்டு வரேன், காலைல ஏழு மணிக்கு முன்னாடி வண்டிய எடுத்துறாத. சாயங்காலம் பொள்ளாச்சி போயிட்டு திரும்பறப்ப நீ ஓட்டு, நான் பக்கத்துல உக்காந்து பிரேக் எண்றேன். அந்த சென்சாருக்கு அட்வான்ஸ் குடுத்திருந்தா நாளைக்கே போய் திருப்பி வாங்கிரு.

மச்சான்