எங்கள் ஏழு மணியைத் திருப்பித் தாருங்கள்

அரங்க நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். வரும் சனிக்கிழமை உங்கள் அரங்கில் ராப் பாடப்போகும் ஆறு பெண்களில் ஒருத்தி எழுதுகிறேன். முன்பணம் கட்டிய ரசீதில் மாலை 7 முதல் 10 வரை என்று இருக்கிறது. திங்களன்று உங்கள் மேலாளர் போன் செய்து, அதை மதியம் 3 முதல் 6 வரை மாற்றிவிட்டதாகச் சொன்னார். ஏன் என்று கேட்டேன். "லேடீஸ் புரோகிராம்மா, நேரத்தோட வீட்டுக்குப் போக வேணாமா?" என்றார். அக்கறைக்கு நன்றி.

எங்களில் ஒருத்தி தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறாள். பட்டுப்புடவைப் பிரிவு. கடை சாத்தி, பிரித்துப் போட்டதையெல்லாம் மடித்து அடுக்கிவிட்டு அவள் தெருவுக்கு வர தினமும் 10.30 ஆகும். அப்புறம் பஸ்ஸுக்கு நின்று, வியாசர்பாடி போய்ச் சேர்வதற்குள் நள்ளிரவு. நான்கு வருடமாக இப்படித்தான். நேரத்தோடு வீட்டுக்குப் போம்மா என்று ஒருவரும் அவளுக்குப் போன் செய்ததில்லை. கடை ஊழியர்களுக்கு இருக்கை கொடுக்கச் சொல்லி 2021ல் சட்டத்தைத் திருத்தினார்கள். அவள் வேலை பார்க்கும் மாடிக்கும் ஒரு ஸ்டூல் வந்தது. அதில் பெரும்பாலும் வாடிக்கையாளரின் கைப்பைதான் உட்கார்ந்திருக்கும். அதைத்தான் ராப்பாக எழுதியிருக்கிறாள், பஸ்ஸில் நின்றபடி, போனில் தட்டித் தட்டி. சனிக்கிழமை ஆறு மணிக்குக் கிளம்ப அனுமதி வாங்க மூன்று வார லீவை விட்டுக்கொடுத்திருக்கிறாள். நீங்கள் மாற்றிய நேரத்தில் அவள் யாருக்கோ முகூர்த்தப் புடவை விரித்துக்கொண்டிருப்பாள்.

அதனால் கேட்கிறோம், 7 மணியைத் திருப்பித் தாருங்கள்.

சத்தம்தான் கவலை என்றால், 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் இரவுக் கட்டுப்பாடு 10 மணிக்குத்தான் தொடங்குகிறது. மூடிய அரங்கங்களுக்கு அதிலும் விலக்கு உண்டு. நாங்கள் 9.45க்கே மைக்கை அணைத்துவிடுகிறோம். போன மாதம் இதே அரங்கில் பையன்களின் மெட்டல் கச்சேரி பத்தே முக்கால் வரை நடந்தது. நானும் முன்வரிசையில் இருந்தேன், நல்ல கச்சேரி. அந்தப் பையன்களை வீட்டில் யாரும் தேடவில்லை போலிருக்கிறது.

பாட்டு வரிகளையும் முன்கூட்டியே காட்டச் சொல்கிறார் மேலாளர். நாடகம் போடுகிறவர்களைப் பிரதியோடு போலீஸிடம் போய் நிற்க வைத்த 1954ஆம் ஆண்டு நாடகச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2013லேயே சொல்லிவிட்டது. போலீஸ் விட்ட வேலையை இவர் எடுத்துக்கொண்டாரா? ராப் மேல் அவ்வளவு ஆசையென்றால் ஒரு டிக்கெட் எடுத்து வைக்கிறோம்.

2018ல் கானாவும் ராப்பும் கலந்து சாதிக்கு எதிராகப் பாடும் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு சென்னையில் முதன்முதலாக மேடையேறியபோது 19 பேரில் இசைவாணி ஒருவர்தான் பெண். கானா என்றாலே ஆண் குரல் என்றிருந்த ஊர் இது. இரண்டு வருடத்தில் அவர் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இருந்தார். இப்போது நாங்கள் ஆறு பேர் வருகிறோம், எங்களை மேட்னி ஷோவுக்குத் தள்ளுகிறீர்கள்.

சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன். போஸ்டரில் 7 என்றே அச்சாகிவிட்டது. கடையில் இருப்பவளைத் தவிர மற்றவர்கள் சவுண்ட் செக்குக்கு 5 மணிக்கு வருகிறோம். மேடைக்குப் பின்னால் இருக்கும் அறைக்குத் தாழ்ப்பாள் இல்லை. வேண்டுமானால் அதையும் நாங்களே வாங்கி வந்து போட்டுக்கொள்கிறோம். நேரத்தை மட்டும் நீங்கள்தான் தர வேண்டும். 7 முதல் 10 வரை என்று வியாழக்கிழமைக்குள் எழுத்தில் உறுதி செய்யும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஆறு பேர் சார்பில் ஒருத்தி